மல்லிகா வீட்டு கேமரா

எதிர் வீட்டு மல்லிகாவுக்கு அவள் புருஷன் துபாயிலிருந்து இன்டர்நெட் கேமரா அனுப்பியதிலிருந்து எனக்கு வயிறு எரிகிறது.

வேலைக்கு நடுவே திருவொற்றியூர் ஹைரோடு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து தன் வீட்டு வாசலைப் பார்ப்பாள். தண்ணி லாரி தெருவுக்குள் நுழைந்ததும், உள்ளே சீரியல் பார்க்கும் மாமியாருக்கு போன் போடுவாள். எப்போதும் அவர்கள் குடம்தான் முதலில்.

இன்று மெயில் பார்க்க அதே சென்டருக்குப் போனேன். பிரவுசரைத் திறந்ததும் மல்லிகா வீட்டு வாசல் வந்து நிற்கிறது! பாஸ்வேர்டை அதிலேயே சேமித்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். மாமியார் கதவைப் பூட்டி, சாவியை மீட்டர் பெட்டிக்குள் போட்டதுகூட பளிச்சென்று தெரிந்தது.

சென்டர்காரர் சிரித்தார். "இத்த வர்றவன் போறவன் எல்லாம் பாத்துகினுதான் கீறான்."

சாயங்காலம் லாரி வரிசையில் மல்லிகாவிடம் சொன்னேன். "கேமரா பாஸ்வேர்ட மாத்து. சாவிய இனிமே மீட்டர் பொட்டில வைக்காத."

"என் வூட்ல கேமரா கீதுன்னு உனுக்கு வயித்தெரிச்சல்!" என்றாள், அத்தனை பேர் முன்னாலும்.

வயிற்றெரிச்சல்தான். யார் இல்லை என்றது?

ஆனால், சாவி இருக்கும் இடம் எனக்கு எப்படித் தெரியும் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டாமா? நீங்களே சொல்லுங்கள்.