டிஷ்ஷுக்குத் தகரக் கூரை: சித்தியவான் தோட்டத்திலிருந்து ஒரு நேரலை

போன ஞாயிற்றுக்கிழமை புந்தோங்கிலிருந்து சித்தியவான் பக்கம் ஒரு பழைய ரப்பர் தோட்டத்துக்குப் போனேன். அங்கே மாரியம்மன் திருவிழா. நேரலை செய்வது என் வேலை. என் கூட்டாளி குமார் பால்குடம் எடுத்தான். வேண்டுதல் அவன் தங்கை செல்வியுடையது. ஒன்பது வருடம் காத்திருந்து கர்ப்பமானவள், டாக்டர் சொல்படி தைப்பிங்கில் படுக்கையில் இருக்கிறாள். "ரெக்கார்ட் பண்ணிக் காட்டுற வேலையெல்லாம் வேணாம்லா. அம்மனுக்குப் பால் ஊத்துறப்பவே நான் பாக்கணும்" என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்.

காலை ஆறுக்குக் கிளம்பினோம். வழியில் தோசைக்கு நின்றும், எண்பது கிலோமீட்டர் ஓடி எட்டுக்கெல்லாம் சேர்ந்துவிட்டோம். பெட்ரோலுக்கு இருபது வெள்ளி, அதாவது ரிங்கிட், ஆனது. ரப்பர் மரம் போய் இப்போது எல்லாம் செம்பனை, எண்ணெய் எடுக்கும் பனை. கடைசித் துண்டு மண்சாலை.

கைப்பேசி லைன் அந்தக் காலையில் பறந்தது. அது கைவிட்டால் இருக்கட்டும் என்று வாடகைக்கு எடுத்த சாட்டிலைட் டிஷ் கொஞ்சம் மெதுவுதான். தண்டச் செலவு என்று முனகிக்கொண்டே அதைக் கோயில் திடலில் வைத்தேன். பத்து மணிக்குக் கோலாலம்பூரிலிருந்தும் ஜோகூரிலிருந்தும் பழைய தோட்டத்து ஜனம் வந்து குவிந்தது. ஆளுக்கொரு நேரலை! இருந்த ஒரே டவர் திணறிப்போய், என் படம் உறைந்து நின்றது. சாட்டிலைட்டுக்கு மாற்றினேன். அதுவும் செத்துக் கிடந்தது.

திடலுக்கு ஓடினால், டிஷ்ஷைச் சுற்றி வாழைமரம், மாவிலைத் தோரணம், மேலே தகரக் கூரை! கோயில் கமிட்டி மணியம் அண்ணன் பெருமையாக நின்றார்.

"மழ வர்ற மாரி இருக்கு தம்பி. மெஷின் நனையக் கூடாதுல்ல?"

"அண்ணே, அதுக்கு வானம் தெரியணும்ணே!"

"ஐயோ, மொதல்லயே சொல்றதில்லையா?" என்றவர் கத்திய கத்தலில் நாலு பேர் ஓடிவந்து தகரத்தைத் தூக்கினார்கள். சாமிக்கே ஓலைப் பந்தல்தான். கோபப்பட முடியுமா? சிரித்துவிட்டேன். இரண்டு நிமிடத்தில் லைன் வந்தது.

இப்படிப் போகிறவர்கள் இரண்டு லைனும் எடுத்துப்போங்கள். கூட்டம் இல்லாத இடத்துக்குக் கைப்பேசியே போதும், செலவும் குறைவு. கூட்டம் சேர்ந்தால் டிஷ்தான் கைகொடுக்கும், ஆனால் திறந்த வானம் வேண்டும். பெருமழையில் அதுவும் தடுமாறும். எதில் அனுப்பினாலும் படம் சில நொடி பிந்தித்தான் போய்ச் சேரும்; இதை வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

செல்வியிடம் நான் இதைச் சொல்லவில்லை. குமார் பாலை ஊற்றி முடித்து முகம் துடைக்கும்போது, நேரலை லைனின் ஸ்பீக்கரில் தைப்பிங்கிலிருந்து செல்வி அழுதுகொண்டே அதட்டினாள்: "அண்ணே, பாலு சிந்துதுலா! கொடத்த நேரா புடி!"

குமார் காலிக்குடத்தை நேராகப் பிடித்தான்.