பாதி அட்டை மாத்திரை

பாளையம்பட்டியைத் தாண்டி இருந்த நூல் மில்லில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது, பக்கத்து மிஷினில் நின்றவரை மதினி என்று கூப்பிடப் பழகினேன். சொந்தம் ஒன்றும் கிடையாது. அவருக்கு எம்.ரெட்டியபட்டி, எனக்கு அதற்கு அடுத்த ஊர். ஒரே மில் வேனில் வருவோம், போவோம். கல்யாணமாகி வெகுகாலம் அவருக்குப் பிள்ளை இல்லை. அதைப் பற்றி அவராகப் பேசமாட்டார். யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுவார்.

மில்லில் இழை அறுந்துகொண்டே இருக்கும். உடனே ஒட்டாவிட்டால் சூப்பர்வைசர் வந்து முதுகுக்குப் பின்னால் நிற்பார். கழிப்பறை ஷெட்டின் கடைசியில், ஆண்கள் சைக்கிள் நிறுத்தும் இடத்தை ஒட்டி இருந்தது. கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அதுவரை இரண்டு மிஷினையும் யார் பார்ப்பது? அதனால் எல்லோருமே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டோம். பஞ்சுத் தூசியிலும் வெக்கையிலும் நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஒரு மடக்கு குடித்து வாயை நனைத்துக்கொள்வதோடு சரி.

நீர்க்கடுப்பு வராத பெண் அந்த ஷெட்டில் இல்லை. பஸ் ஸ்டாப்புக்கு எதிரே இருந்த மருந்துக்கடையில் 'கடுப்புக்கு' என்று கேட்டால் போதும், பாதி அட்டை மாத்திரையை வெட்டித் தருவார்கள். டாக்டர் சீட்டெல்லாம் கேட்பதில்லை. மதினி இரண்டு வேளை போடுவார். கடுப்பு நின்றதும் மிச்சத்தைப் பர்சில் வைத்துக்கொள்வார். யாராவது அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றால் அதிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டுவார்.

"எனக்குக் கேட்டுச்சு புள்ள. நீயும் போடு, சரியாயிரும்."

எனக்கும் தந்திருக்கிறார், சரியாகவும் ஆனது. லீவு போட்டு ஆஸ்பத்திரிக்குப் போக முடியாத எங்களுக்கு அது பெரிய உபகாரமாகத்தான் இருந்தது.

போகப் போகக் கடுப்பு அடிக்கடி வந்தது. பழைய மாத்திரை கேட்கவில்லை. கடைக்காரர் அதைவிட வீரியமானது என்று வேறொன்றைத் தந்தார். கொஞ்ச காலத்தில் அதுவும் கேட்காமல் போனது. போலி மாத்திரை விற்கிறார் என்று வேனில் வரும்போது அவரைத் திட்டிக்கொண்டு வருவோம்.

அந்தச் சமயத்தில்தான் மதினி முழுகாமல் இருந்தார். முதலில் என் காதோடு சொன்னார். வயிறு தெரிய ஆரம்பித்த பிறகு ஒரு நாள், "இந்த மிஷின் சத்தம் உள்ள இருக்கிற பிள்ளைக்குக் கேக்குமா?" என்று கேட்டார். கேட்காது என்றேன். "கேட்டாக்கூட பழகிக்கிரும்" என்று சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

ஏழாவது மாதத்தில் அவருக்குக் குளிரும் காய்ச்சலும் வந்தன. விலாவுக்குக் கீழே முதுகில் வலி. அப்போதும் பர்சில் இருந்ததைத்தான் போட்டார். காய்ச்சல் இறங்கவில்லை. அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு மதுரைக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். அவருடைய வீட்டுக்காரர் கேட்டதால் துணைக்கு நானும் போனேன்.

டாக்டரம்மா இதுவரை போட்ட மாத்திரைகளைக் காட்டச் சொன்னார். மதினி பர்சைக் கட்டிலில் கவிழ்த்தார். வெட்டிய அட்டைகள் ஒவ்வொரு நிறத்தில் விழுந்தன. சிறுநீரைச் சோதனைக்கு அனுப்பி, கிருமியை வளர்த்துப் பார்த்தார்கள். முடிவு வந்ததும் டாக்டரம்மா மதினியின் கட்டிலுக்குப் பக்கத்திலேயே என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"இதுல இருக்கிற எந்த மாத்திரையும் அவங்க உடம்புல இருக்கிற கிருமியைக் கொல்லாதும்மா. அரைகுறையா மாத்திரை போட்டா லேசான கிருமி செத்துரும். தாக்குப்பிடிச்சது பெருகும், அடுத்தவங்களுக்கும் பரவும். இனி இவங்களுக்குக் குடுக்க எங்க கையில ஒண்ணு ரெண்டு ஊசிதான் இருக்கு."

அவர் குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

ஊசி கேட்டது. ஆனால் காய்ச்சல் இறங்குவதற்கு முன்பே பனிக்குடம் உடைந்துவிட்டது. ஆண் பிள்ளை. கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். மதினி எழுந்து போய்ப் பார்க்கத் தெம்பு வருவதற்குள் பிள்ளை இறந்துபோனது. "யாரு மாதிரி இருந்தான்?" என்று என்னிடம் கேட்டார். உங்களை மாதிரி என்றேன். அவ்வளவு சின்ன முகத்தில் எனக்கு எதுவும் தெரிந்திருக்கவில்லை.

ஊருக்குத் திரும்பியதும் மில் பெண்கள் எல்லோரும் சேர்ந்து மேனேஜரிடம் போனோம். கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் போட்டார்கள். போய்விட்டு வரும்வரை மிஷினைப் பார்த்துக்கொள்ள ஷிப்டுக்கு ஓர் ஆளும் விட்டார்கள். கேட்டதும் செய்து கொடுத்துவிட்டார்கள் என்பதுதான் இன்னும் மனதை அறுக்கிறது. முன்பே கேட்டிருக்கலாம்.

மதினி மில்லுக்கு வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போனேன். தன் அண்ணனுடைய நிலத்தில் மதினி பருத்தி எடுத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் மடியில் இருந்த பருத்தியை இறக்கி வைத்தார்.

"நான் மாத்திரை குடுத்தவளுக யாருக்காச்சும் இப்பிடி ஆயிருச்சா?"

"யாருக்கும் இல்ல மதினி."

"நெசமாவா?"

"நெசமாத்தான். நீங்க நல்லதுன்னு நெனச்சுத்தான குடுத்தீக."

அவர் பருத்தியை மறுபடி மடியில் அள்ளிக் கட்டிக்கொண்டார். மறுவாரம் ஷிப்டு முடிகிற நேரத்தில் மில் வாசலில் வந்து நின்றார். தான் மாத்திரை கொடுத்த ஒவ்வொருத்தியையும் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"கடுப்பு வந்தா கடைக்குப் போகாத. பெரியாஸ்பத்திரிக்குப் போயி ஒண்ணுக்கு டெஸ்டு எடு. அவுக எத்தன நாளைக்குச் சொல்றாகளோ அத்தன நாளைக்கும் மாத்திரையப் போடு. மிச்சம் வச்சு யாருக்கும் குடுத்துறாத."

சிலர் நின்று கேட்டார்கள். பிள்ளை போன துக்கத்தில் பேசுகிறார் என்று ஒருத்தி அவர் காதில் விழும்படியே சொன்னாள். மதினி திரும்பிப் பார்க்காமல் அடுத்தவளிடம் போனார். வேன் புறப்பட்டுவிட்டது. நான் ஏறாமல் அவரோடு நின்றேன்.

இருட்டுவதற்கு முன் பஸ் கிடைத்தது. மதினி ஜன்னல் பக்கம் உட்கார்ந்தார்.

"மாத்திரை குடுத்தவளுக எல்லாரும் நெனப்புல இல்ல புள்ள," என்றார். "வேலைய விட்டுப் போனவளுக இப்ப எந்த ஊருல இருக்காளுகளோ."