நாகேஸ்வரி அக்காவின் கழுத்துப் படம்

போர்க்காலத்தில், கொழும்பு வெள்ளவத்தையில் நாகேஸ்வரி அக்கா நடத்திய கொமினிகேசன் கடைக்கு லண்டன், கனடாவுக்குப் போனில் பேச வரும் சனம் அழும், சண்டை பிடிக்கும், கலியாணம் பேசும். அக்கா மட்டும் அசையமாட்டார். அவரிடம் வேலைசெய்த கொட்டாஞ்சேனைக்காரியான நான், யாழ்ப்பாணத்துப் பிடிவாதம் என்று கேலி செய்வேன்.

ஒருநாள் அவருடைய காதுக்குக் கீழே ஒரு கட்டி தெரிந்தது. கூகைக்கட்டு என்று ஆளாளுக்குப் பத்துப் போடச் சொன்னார்கள்.

"கூகைக்கட்டெண்டா நோகும், பேர்ணடெற். இது நோகேல்லை. என்னெண்டு எனக்குத் தெரிய வேணும்," என்று அக்கா என்னிடம் சொன்னார்.

ஸ்கான் செய்த டொக்டர் ஸவாஹிர், கட்டி உமிழ்நீர்ச் சுரப்பியில் இருக்கிறது, புற்றுநோயாக இருக்கலாம், ஆழம் பார்க்க எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும் என்றார்.

படம் எடுக்கும் பெண் சிங்களத்தில் கேட்டாள், உடம்பில் இரும்பு ஏதும் இருக்கிறதா என்று.

"நே, மிஸ்," என்றார் அக்கா. சோதனைச் சாவடிகளில் சொல்லிச் சொல்லிப் பழகிய 'இல்லை' அது.

உள்ளே இருப்பது பெரிய காந்தம், இரும்பை இழுத்துவிடும் என்று சொல்லிக்கொண்டே அவள் கதவைத் திறந்தாள். அக்கா வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இருக்கு, மிஸ். காறை எலும்புக்குப் பக்கத்தில. ஷெல் துண்டு."

இத்தனை வருடப் பழக்கத்தில் என்னிடம்கூடச் சொல்லாதவர். ஷெல் துண்டோடு ஒரு தமிழ்ப் பெண் அகப்பட்டால் புலி என்று கொண்டுபோய்விடுவார்கள். அவர் கையைக் கிள்ளினேன்.

"விடு பேர்ணடெற். நான் சாக வரேல்லை, தெரிஞ்சுகொள்ள வந்தனான்."

எம்.ஆர்.ஐ.யை நிறுத்திவிட்டு, காந்தம் இல்லாத சி.டி. எடுத்தார்கள். டொக்டர் ஸவாஹிர் படத்தைக் காட்டினார். புற்றுநோய் போலத்தான் இருக்கிறது, தாடை எலும்பைத் தொடவில்லை, வெட்டி எடுக்கலாம் என்றார். கீழே ஷெல் துண்டு பளிச்சென்று வெள்ளையாகத் தெரிந்தது. அவர் குரலைத் தாழ்த்தினார்.

"ரோட்டுல செக் பண்ணுவாங்க. இந்தத் துண்டப் பத்தி ரிப்போர்ட்ல எழுதாம விடவா?"

அக்கா 'விடுங்கோ' என்று சொல்லவேண்டும் தாயே என்று நான் மாதாவை மன்றாடினேன்.

"எழுதுங்கோ, டொக்டர். வெட்டுறவைக்கு எல்லாம் தெரிய வேணும்."

திரும்பும் வழியில் ஆமிக்காரன் ஒருவன் எங்கள் முச்சக்கரவண்டியை மறித்தான். படத்தை உருவி வெயிலுக்குப் பிடித்து, அந்த வெள்ளையில் விரலை வைத்து, என்ன இது என்றான். அக்கா இறங்கி நின்று, தனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில், அவனைத் தம்பி என்று கூப்பிட்டுச் சொன்னார்:

"அது ஷெல், மல்லி. அதுக்குத் தப்பிட்டன். மேல இருக்கிறது கேன்சர். இதுக்கும் தப்பத்தான் போறன். வழியை விடுங்கோ."

அவன் வழியை விட்டான்.