தவசி மச்சானும் அவர் 'பாத்துக்கிருவோ'மும்

தவசி என்ற பெயரை நான் முதலில் கேட்டது, எங்கள் அக்கா ஒச்சம்மாளுக்கு எம்.ரெட்டியபட்டியில் மாப்பிள்ளை முடிவான அன்று. "பையன் யாரையும் எடுத்தெறிஞ்சு பேச மாட்டான்" என்று எங்கள் அய்யா பெருமையாகச் சொன்னார். அதுவே வினையாகும் என்று யார் கண்டது.

மச்சான் வாயில் எதற்கும் ஒரே சொல்தான்: "பாத்துக்கிருவோம்." உழவுக்கு மாடு கேட்டு வந்தவனிடம் சொன்னால், அவிழ்த்துக்கொண்டு போ என்று அர்த்தம். கூரை ஒழுகுகிறது என்று அக்கா புலம்பும்போது சொன்னால், அந்த மழைக்காலம் முழுக்கச் சட்டி வைத்து ஏந்த வேண்டியதுதான். வரப்பைச் சீவிய பங்காளியிடம் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னால், அது சண்டை. சாவு வீட்டில் தோளைத் தொட்டுச் சொல்வார். அங்கே மட்டும் பொருத்தமாக இருக்கும். 'முடியாது' என்ற சொல் அந்த மனுசன் வாயில் வந்து நான் கேட்டதே இல்லை.

எழுபத்திரண்டாம் வருசம் அக்கா மகள் கருத்தம்மாளை நரிக்குடியிலிருந்து பெண் கேட்டு வந்தார்கள். அவளுக்கோ பாளையம்பட்டியில் இருக்கும் எங்கள் அண்ணன் மகன் மேல்தான் எண்ணம். பெண் கேட்டு வருகிறவர்கள் சம்மதம் கிடைக்காமல் அந்த வீட்டில் கை நனைக்க மாட்டார்கள்; நனைத்துவிட்டால் சம்பந்தம் முடிவானது என்று அர்த்தம். எங்கள் பக்கத்தில் சின்னப்பிள்ளைக்கும் இது தெரியும். மச்சானுக்குத் தெரியாதா? "வெயில்ல வந்திருக்கீக. மத்ததப் பாத்துக்கிருவோம், மொதல்ல சாப்பிடுங்க" என்று இலையைப் போட்டுவிட்டார். அவர்களும் சாப்பிட்டுவிட்டு, பரிசம் போட வரும் நாளைச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

"ஏப்பா, சோறு போட்டது நீ. வாக்கப்படப் போறது நானா?" என்று கருத்தம்மாள் அழுதாள்.

"சாப்பிடச் சொன்ன வாயாலயே போயி இல்லைன்னு சொல்லிட்டு வாங்க" என்று அக்கா அவரை பஸ்ஸில் ஏற்றிவிட்டாள். பொழுது சாய வந்து இறங்கினார்.

"சொல்லிட்டீகளா மச்சான்?" என்று நான்தான் கேட்டேன்.

"எங்கிட்டுச் சொல்ல, கொழுந்தியா? சேவல அடிச்சுக் கொழம்பு வச்சுட்டாக. மொகத்தப் பாத்து எப்படி..."

"தின்னீகளா?"

"ரெண்டே வாய்தான்."

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "வேணாம்னு சொல்லப் போன மனுசன், சம்பந்தத்த உறுதி பண்ணிட்டு வந்து நிக்கிறாரே! இவரோட நான் எப்படிக் காலந்தள்ள?"

மறுநாள் அக்காவும் நானும் போனோம். தண்ணீர்ச் செம்பை நீட்டினார்கள், வாங்கவில்லை. "பிள்ளைக்கு இஷ்டமில்ல. தப்பு எங்க மேலதான், பொறுத்துக்கங்க" என்று அக்கா வாசலில் நின்றே சொன்னாள்.

"அப்ப எங்க சேவலுக்கு என்னடி பதிலு?" என்று அந்த வீட்டுக் கிழவி பிடித்துக்கொண்டாள். பஸ் வருகிற வரைக்கும் ஏச்சு. திரும்பி வரும் வழியெல்லாம் அக்கா என்மேல் எரிந்து விழுந்தாள். மச்சான்தான் பக்கத்தில் இல்லையே.

அந்த ஆவணியில் கருத்தம்மாளை எங்கள் அண்ணன் மகனுக்கே கட்டிக்கொடுத்தோம். கல்யாணப் பேச்சு நடந்த அன்று, ஆட்டைப் பத்திக்கொண்டு போகச் சொல்லி மச்சானைக் கண்மாய்ப் பக்கம் அனுப்பிவிட்டாள் அக்கா.

இப்போது தவசி மச்சான் பாளையம்பட்டியில் அந்த மகள் வீட்டில்தான் இருக்கிறார். வாசலுக்கு யார் என்ன கேட்டு வந்தாலும், அவர் வாயைத் திறக்குமுன் கருத்தம்மாள் முந்திக்கொண்டு பதில் சொல்லிவிடுவாள்.