லேசா எரியும்

அவருக்கு வீட்டில் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் உயிரோடு இருக்கிறது. மற்ற எல்லா இடத்திலும் அவர் 'புஸ்'. பெரிய கடை, ஓட்டல், ஆஸ்பத்திரி என்று ஏசி மெஷின் எங்கே இருந்தாலும் ஏறிப் போய் கேஸ் ஏற்றுவது அவர் தொழில். சிலிண்டரில் ஹோஸைப் பூட்டுவார். மறுமுனையை மெஷினில் இறுக்குவதற்கு முன் வால்வை ஒரு திருப்பு திருப்பி 'புஸ்' என்று கொஞ்சம் கேஸை வெளியே விடுவார். ஹோஸுக்குள் இருந்த காற்று வெளியேறிவிடும், மெஷினுக்குள் சுத்தமான கேஸ் போகும். அந்தக் காலத்து மெக்கானிக் எல்லோரும் செய்ததுதான். ஆனால் இவர் செய்யும்போது கையைப் பார்க்கக்கூட மாட்டார். பேசிக்கொண்டே, டீ குடித்துக்கொண்டே, யாரையாவது திட்டிக்கொண்டே விடுவார். வீட்டில் சின்ன மகள் பொம்மைக்கு ஊசி போடும்போது முதலில் வாயால் 'புஸ்' என்று ஊதிவிட்டுத்தான் குத்துவாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

கூடவே வேலை செய்பவன் அவர் மச்சினன், மனைவியின் தம்பி. செம்புக் குழாய்களை டார்ச் வைத்துச் சூடாக்கி ஒட்டுவது அவன் பொறுப்பு. இவர் கையில் கேஸ், அவன் கையில் தீ. "எங்க அக்காவ தனியா அனுப்ப பயந்து என்னையும் சேத்து அனுப்பி வச்சாங்க" என்று போகிற இடமெல்லாம் சொல்லிச் சிரிப்பான். கல்யாணம் ஆகவில்லை. சாப்பாடு, தூக்கம், சண்டை எல்லாம் அக்கா வீட்டில்தான். வாய் மட்டும் ஒரு நிமிஷம் சும்மா இருக்காது. ஆனால் டார்ச்சைக் கையில் எடுத்துவிட்டால் ஆளே வேறு. அவன் ஒட்டிய குழாயில் கசிவு என்று யாரும் திரும்பக் கூப்பிட்டதில்லை.

ஒருநாள் கம்பெனி எல்லோரையும் ஹாலில் உட்கார வைத்தது. என்ஜினியர் மேடம் வந்து பேசினார். பழைய கேஸ் வெளியே போனால் சும்மா போகாதாம். மேலே போய்ச் சூட்டைப் பிடித்து வைத்துக்கொண்டு பூமியைக் காய வைக்குமாம். கார் விடுகிற புகையில் இருக்கும் கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கும் மேலே. அதனால் இனி புது மெஷின் எல்லாம் புது கேஸ். அந்தக் கெடுதல் இதில் மூன்றில் ஒரு பங்குதான்.

"ஒரே ஒரு விஷயம். இது லேசா எரியும்" என்றார் மேடம்.

"லேசான்னா எப்படி மேடம்? எங்க அக்கா லேசா கோவப்படுற மாதிரியா?" என்று கேட்டான் மச்சினன்.

ஹாலே சிரித்தது. மேடமும் சிரித்துவிட்டார். சிரிக்காத ஒரே ஆள் புஸ்தான். இத்தனை வருஷமாக ஊதி ஊதி விட்டதெல்லாம் எங்கே போயிருக்கும் என்று அவருக்கு யோசனை ஓடியது. பெத்த பிள்ளைகள் மூச்சு விடுகிற காற்றில் என்னத்தைக் கலந்து வைத்தோம் என்று அன்றைக்கு முழுக்கப் புலம்பிக்கொண்டிருந்தார்.

"இனிமே ஹோஸ்ல இருக்கிற காத்த வேக்கம் பம்ப் வச்சுத்தான் எடுக்கணும். வெளிய ஊதவே கூடாது. புஸ் அண்ணே, உங்களத்தான் சொல்றேன்" என்று மேடம் பேர் சொல்லியே சொன்னார்.

பரீட்சை வைத்தார்கள். புஸ் பாஸ். புது கேஸைத் தொடலாம் என்று போட்டோ ஒட்டிய கார்டு கழுத்தில் தொங்கியது. தலை எல்லாவற்றையும் படித்துவிட்டது, கைதான் படிக்கவில்லை. மொட்டை மாடியில் ஹோஸை எடுத்தால் அந்தப் பாழாய்ப்போன கை தானாக வால்வுக்குப் போகும். மச்சினன் பார்த்துவிட்டால் "மாமா, கை!" என்று கத்துவான். பாதி நாள் நிறுத்திவிடுவார். மீதி நாள் புஸ்ஸென்று போய்விடும். வெட்டவெளி, காற்று அள்ளிக்கொண்டு போகும், ஒன்றும் ஆகாது. ஒன்றும் ஆகாததுதான் வினையாகப் போயிற்று.

ஒரு துணிக்கடை. மெஷின்கள் மாடியில் இல்லை, கடைக்குப் பின்னால் ஒரு அடைசல் அறையில். ஒரு மெஷின் தயார், கேஸ் மட்டும் ஏற்ற வேண்டும். பக்கத்து மெஷினுக்குக் குழாய் ஒட்டுகிற வேலை பாக்கி. ஒரே அறையில் தீயும் கேஸும் ஒன்றாக இருக்கக் கூடாது, ஒன்று முடிந்த பிறகுதான் மற்றது. இது அந்தக் கார்டிலேயே அச்சடித்திருக்கிறது. ஆனால் கடை மேனேஜர் வாசலில் நின்றுகொண்டு உயிரை எடுத்தார். "மத்தியானத்துக்குள்ள ஏசி ஓடலைன்னா ஜனம் உள்ள வராதுங்க. உங்க கம்பெனிக்குப் போன் போடவா?" காற்றில் டார்ச் அணைந்து அணைந்து போகிறது என்று கதவையும் சாத்தியாயிற்று.

"நான் இந்த ஒரு ஜாயின்ட முடிச்சிடறேன் மாமா. அதுவரைக்கும் நீங்க ஹோஸ மாட்டி மட்டும் வைங்க. வால்வத் தொடாதீங்க" என்றான் மச்சினன். முதுகைக் காட்டிக்கொண்டு குழாய்மேல் குனிந்தான்.

புஸ் ஹோஸை எடுத்தார். வாசலில் மேனேஜர் இன்னும் கத்திக்கொண்டிருந்தார். "வந்துட்டோங்க, வந்துட்டோம்" என்று இவர் கதவைப் பார்த்துப் பதில் சொன்னார். சொல்லும்போதே கை திருப்பிவிட்டது.

தீ ஒரு நொடி வந்தது, ஒரு நொடியில் போயிற்று. மேடம் சொன்ன அந்த 'லேசா' இதுதான். மச்சினனின் இரண்டு கை, ஒரு பக்கக் கன்னம், புருவம் எல்லாம் வெந்துவிட்டது. தொண்டையை அறுக்கிற ஒரு காட்டமான நெடி. கதவைத் தள்ளிக்கொண்டு ஆட்கள் உள்ளே வந்தபோது புஸ் அவனைக் கட்டிப்பிடித்து வெளியே இழுத்துக்கொண்டிருந்தார். யாரோ என்ன ஆச்சு என்று கேட்டார்கள். இவர் வாயைத் திறப்பதற்குள் அவன் இருமிக்கொண்டே சொன்னான்.

"என் டார்ச்தான் நழுவிடுச்சு. ஹோஸ்ல பட்டுடுச்சு."

குற்றத்தைக் கடை மேனேஜர்மேல் போடலாம். கதவு சாத்தியதில் போடலாம். அவசர உலகத்தில் யார்மேல் வேண்டுமானாலும் போடலாம். வால்வைத் திருப்பியது என்னமோ அவர் கைதான், அது அவருக்குத் தெரியும்.

ஆஸ்பத்திரியில் இருவரும் தனியாக இருக்கும்போது புஸ் அழுதேவிட்டார். "ஏன்டா மாப்ள அப்படிச் சொன்ன?"

"உங்க கார்ட புடுங்கிட்டா வீட்ட யார் பாக்கிறது? ரெண்டு பொண்ணு இருக்கு. எனக்கென்ன, ஒத்தக் கட்ட. வாய மூடிட்டு இருங்க மாமா" என்றான். அப்போதும் சிரிக்கப் பார்த்தான், கன்னம் விடவில்லை.

இவரும் வாயை மூடிக்கொண்டார். அந்த ஒரு வாரம் அவர் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. கம்பெனியில் முதுகில் தட்டி, "நல்லவேளை, நீங்க இருந்தீங்க, இழுத்துப் போட்டீங்க" என்றார்கள். ஒவ்வொரு தட்டும் அறை மாதிரி விழுந்தது.

மச்சினன் வீட்டுக்கு வந்த பிறகு மேடத்திடமிருந்து அவனுக்குப் போன் வந்தது. கை ஆறினாலும் இனி டார்ச் கிடையாது. குடோனில் பெட்டி இறக்குகிற வேலை. கவனக்குறைவு என்று எழுதிவிட்டார்களாம். போனை அவன் அக்காதான் காதில் பிடித்துக்கொண்டிருந்தாள், இரண்டு கையிலும் கட்டு. "சரிங்க மேடம், சரிங்க" என்று மட்டும் சொன்னான். பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

அக்கா கஞ்சிக் கிண்ணத்தோடு உட்கார்ந்து ஸ்பூனால் ஊட்டிக்கொண்டே ஆரம்பித்தாள். பாசம் எல்லாம் அவளுக்குத் திட்டாகத்தான் வரும்.

"கவனம்னு ஒண்ணு இருந்தா இது நடக்குமா? எப்பப் பாரு சிரிப்பு, எப்பப் பாரு கிண்டல். கூடவே உங்க மாமாவும் இருக்காரே, இத்தன வருஷத்துல அவர் கையால ஒரு தப்பு நடந்திருக்கா? அவரப் பாத்தாவது கத்துக்கக் கூடாதா நீ?"

மச்சினன் வாயிலிருந்ததை விழுங்கினான். "விடுக்கா" என்றான்.

வாசற்படியில் நின்று புஸ் கேட்டுக்கொண்டிருந்தார். இதைத் தாங்க முடியாது என்று தோன்றிவிட்டது. கார்டு போகட்டும், மானம் போகட்டும், இது மட்டும் முடியாது.

"அவன் மேல தப்பில்ல. ஊதினது நான்" என்றார்.

"மாமா!"

"நீ சும்மா இரு. வால்வத் தொடாதீங்கன்னு அவன் சொன்னான். நான் தொறந்துட்டேன். எனக்காகத்தான் பழிய ஏத்துக்கிட்டான்."

அவள் தம்பியைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்தான், அதுவே போதுமாக இருந்தது. அவள் கத்துவாள், கிண்ணத்தை வீசுவாள் என்று புஸ் நினைத்தார். அவள் மெதுவாகத்தான் பேசினாள். அது அதைவிடப் பயமாக இருந்தது.

"ஒரு வாரமா நான் இவனத் திட்டறத கேட்டுக்கிட்டா இருந்தீங்க?"

அவர் வாசற்படியை விட்டு உள்ளே வந்தார்.

"போன எடுங்க. மேடம்கிட்ட சொல்லுங்க. என் முன்னாடியே சொல்லுங்க."

சொன்னார். பிறகு, "நாளைக்குக் கார்டோட வாங்க. உங்க மச்சினனோட ஆர்டர மாத்தி எழுதணும்" என்றார் மேடம். இவர் தேங்க்ஸ் என்றார். எதற்குச் சொன்னோம் என்று அவருக்கே புரியவில்லை.

மனைவி எழுந்து கிண்ணத்தை அவர் கையில் கொடுத்தாள். "அவன் கை ஆறுற வரைக்கும் நீங்கதான் ஊட்டணும்" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போய்விட்டாள்.

புஸ் மச்சினன் உட்கார்ந்திருந்த பாயில் அவனுக்கு எதிரே உட்கார்ந்தார். "கெடுத்துட்டீங்களே மாமா. எல்லாம் சரியாத்தானே போயிட்டிருந்துச்சு" என்றான் அவன், பழைய சிரிப்பைக் கொஞ்சம் வரவழைத்துக்கொண்டு. உண்மையிலேயே அவனுக்குக் கோபம் இல்லை. அவனுக்கு இவர்மேல் கோபப்படவே தெரியாது.

புஸ் ஸ்பூனில் கஞ்சியை எடுத்து அவன் முகத்தருகே கொண்டுபோனார். அந்தக் கை கிட்டே வந்ததும் மச்சினனின் தலை வெடுக்கென்று பின்னால் போய்ச் சுவரில் இடித்தது. அவன் வேண்டுமென்று செய்யவில்லை. அவன் முகமே வெளிறிப்போய், "ஐயோ, இல்ல மாமா, அது... தானா..." என்றான்.

"தெரியும்டா" என்றார் புஸ். ஸ்பூனை அப்படியே நீட்டிப் பிடித்துக்கொண்டு, அவனாக முன்னால் வரட்டும் என்று காத்திருந்தார்.