சீனி என்றால் சீனிதான்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் யோசித்தேன். தேன் சாமிக்கு அபிஷேகம் செய்கிற பொருள். அதைக் கொடுக்கிற ஜீவனுக்கு வயிற்றால் போன கதையை எப்படி எழுதுவது? முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று இப்போதுதான் தைரியம் வந்தது.

சுனாமிக்குப் பிறகு காரைக்காலில் நடந்த ஒரு பயிற்சிக்குப் போய், நானும் வீட்டுக்காரரும் இரண்டு தேனீப் பெட்டி வாங்கிவந்து கொல்லையில் முருங்கை மரத்தடியில் வைத்தோம். பங்குனி உத்திரத்துக்கு எங்கள் வீட்டுத் தேனில்தான் அபிஷேகம் என்று தெருக்கோடி முருகனிடம் வேண்டிக்கொண்டேன்.

ஐப்பசி மழை பிடித்தது. பெட்டிமேல் உரச்சாக்கைப் போர்த்திச் செங்கல் வைத்தோம். எறும்பு ஏறாமல் பெட்டிக் கால்களுக்கு அடியில் தண்ணீர்க் கிண்ணம். பயிற்சி கொடுத்த கோயம்புத்தூர்க்காரர் சொல்லியிருந்தார்: "மழையில பூ இருக்காதுங்க. சர்க்கரைப் பாகு வெச்சுருங்க."

எங்கள் ஊரில் காபிக்குப் போடுவது சீனி. பொங்கலுக்குப் போடுகிற பழுப்புத் தூள்தான் சர்க்கரை. நல்ல சர்க்கரையாகப் பார்த்து வாங்கிப் பாகு காய்ச்சிப் பெட்டிக்குள் வைத்தேன். ஏலக்காயும் தட்டியிருப்பேன். "பிரசாதமா பண்றே?" என்று வீட்டுக்காரர்தான் தடுத்தார்.

கார்த்திகை சோமவாரத்தன்று மழை கொஞ்சம் விட்டது. கோயிலுக்கென்று வெள்ளை வேட்டி கட்டிக் கொல்லைக்குப் போனவர் திரும்பி வந்தால், வேட்டியெல்லாம் மஞ்சள் புள்ளி.

"மஞ்சத்தண்ணி தெளிச்சியாடி?"

"நான் ஏங்க தெளிக்கிறேன்?"

பெட்டி வாசலிலும் அதே புள்ளி. கீழே தேனீக்கள் செத்துக் கிடந்தன. ஒரு பெட்டியில் சத்தமே இல்லை. வேண்டுதல் போச்சே என்று கோயம்புத்தூர்க்காரருக்குப் போன் போட்டேன்.

"என்னங்க குடுத்தீங்க?"

"நீங்க சொன்ன சர்க்கரைதாங்க."

"வெள்ளையாத்தானுங்களே?"

"சர்க்கரை எப்படிங்க வெள்ளையா இருக்கும்? வெள்ளையா இருந்தா அது சீனில்ல!"

"அம்மணி, நாங்க சர்க்கரைங்கறது உங்க சீனியத்தானுங்க. பழுப்பு செரிக்காம ஈக்கு வயிறு போகுதுங்க, அந்தப் புள்ளியெல்லாம் அதுதானுங்க. அதைக் கொட்டிட்டு உங்க சீனியவே வைங்க" என்றார்.

வேட்டியைக்கூட மாற்றாமல் வீட்டுக்காரர் கடைக்கு ஓடினார்.

"என்ன மாமா, மொறப்பொண்ணு யாரும் மஞ்சத்தண்ணி ஊத்திடுச்சா?" என்றார் கடைக்காரர்.

"வயித்தால போயிடுச்சுப்பா. சீக்கிரம் சீனி குடு."

கடைக்காரர் சீனியோடு ஓமமும் கட்டிக் கொடுத்துவிட்டார்.

ஒரு பெட்டி போய்விட்டது. மற்றது முருகன் புண்ணியத்தில் பிழைத்தது. பங்குனி உத்திரத்தன்று ஒரு டம்ளர் தேன் கொண்டுபோனோம். கறை போகாத அந்த வேட்டியையே கட்டிக்கொண்டு வந்தார் வீட்டுக்காரர். "அவனுக்குத் தெரியாததா?" என்றார். தேன் முருகன் தலையில் இறங்கியபோது எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தது.

தேனீ வைத்திருப்பவர்களுக்கு இதைச் சொன்னால், எழுதியபடியே சொல்லுங்கள். படிக்க அழகாக இருக்கட்டுமென்று சீனியைச் சர்க்கரை ஆக்கிவிடாதீர்கள். உங்களுக்குப் புண்ணியமாகப் போகும்.