பதினொன்று என்று எழுதியவர்

கலாதேவி த/பெ பத்துமலை. பிறப்பு: 14 மார்ச் 1980, பத்து காஜா. வளர்ந்தது: ஒன்பதாம் கட்டை ரப்பர் தோட்டம், தொழிலாளர் குடியிருப்பில் மூன்றாவது லயம். பணி: வரலாற்று ஆசிரியை, லகாட் வட்டாரத்தில் ஓர் இடைநிலைப்பள்ளி, 2005 முதல். உடன்பிறந்தவர் ஒருவர்: விக்னேஸ்வரன், காய்ச்சலில் இறந்த நாள் 6 நவம்பர் 1989, வயது நான்கு. இந்த இறப்பைப் பற்றித் தோட்டத்துப் பதிவு ஏதும் இல்லை.

அந்தக் கடைசி வரிக்குக் காரணமானவர் சதாசிவம். அன்று தோட்டத்துக் கிராணி. விடியற்காலைப் பெரட்டில் தொழிலாளர்களை நிறுத்திப் பெயர் கூப்பிடுவதும், வந்தவர் யார், வராதவர் யார் என்று எழுதுவதும் அவர் வேலை. பிள்ளை இறந்த காலையில் பத்துமலை பெரட்டுக்கு வந்து விடுப்புக் கேட்டார். பால் நிறுத்து முடிந்ததும் வா, பார்க்கலாம் என்றார் கிராணி. பத்துமலை காத்திருக்கவில்லை. இடுகாட்டில் குழி வெட்டிப் பிள்ளையைப் புதைத்தார். கல் வைக்க வழியில்லை. பால் பிடிக்கும் மங்குக் கிண்ணம் ஒன்றைத் தலைகீழாகக் கவிழ்த்து மண்ணில் பதித்துவிட்டு வந்தார். கல் வைக்க இயலாத வீடுகள் எல்லாம் அப்படித்தான் செய்தன. கிராணி அவரை அன்று 'வரவில்லை' என்று எழுதினார். பிள்ளையை எழுதவே இல்லை.

கலாதேவிக்கு அப்போது ஒன்பது வயது. அன்று மூண்ட கோபம் முப்பத்து மூன்று ஆண்டுகள் வேலை தேடிக்கொண்டிருந்தது.

வேலை 2023இல் கிடைத்தது. தோட்டம் வீடமைப்பு நிறுவனம் ஒன்றுக்குக் கைமாறியபோது, பழைய கிராணி என்ற முறையில் சதாசிவம் ஒரு கடிதம் கொடுத்திருந்தார்: இடுகாட்டில் இருந்தவை பதினொரு கல்லறைகள், அனைத்தும் முறைப்படி இடம் மாற்றப்பட்டன. கல் வைத்தவை பதினொன்றுதான். மிச்சத்தின் மேல் 2024 ஆகஸ்டு முதல் தேதி மண்வாரி இயந்திரம் ஏறவிருந்தது.

கடிதத்தின் நகலைக் கலாதேவி வரலாற்றுக் கழக மாணவர் பத்துப் பேரின் முன் வைத்தார். வழக்கமாக எழுதும் மூன்று கேள்விகளையும் பலகையில் எழுதினார். யார் எழுதியது? எதைப் பார்த்து எழுதியது? எழுதாமல் விட்டது எது? தம்பியைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை.

எட்டுச் சனிக்கிழமைகள் பிள்ளைகள் கயிறு கட்டி, புல் செதுக்கி, மண்ணைக் கையால் துழாவினார்கள். முப்பத்து நான்கு மங்குகள் கிடைத்தன. எல்லாம் வாய் கீழாக.

ஜூலை 13 பள்ளி மண்டபத்தில் கண்காட்சி. சிறப்பு விருந்தினர் சதாசிவம். எழுபத்தொன்பது வயது, கோயில் கமிட்டித் தலைவர். மாலை போட்டு, நாற்காலியில் உட்கார வைத்து, ஊர் பார்க்க அந்தக் கடிதத்தின் மேல் இருக்கும் துணியை இழுப்பது கலாதேவியின் திட்டம். மாலையை ஈப்போவில் கலாதேவியே சொல்லி வைத்தார். கனமானதாகக் கேட்டிருந்தார்.

கண்காட்சிக்கு மூன்று நாள் முன் கழகத்து மாணவி, நான்காம் படிவத்துத் தினேஸ்வரி வந்து நின்றாள்.

"டீச்சர், சதாசிவம் தாத்தாவுக்கு எல்லாத்தையும் அனுப்பிட்டோம். லெட்டர் காப்பி, மங்கு போட்டோ, எல்லாம். போஸ் லாஜு கூரியர்ல."

"யாரு அனுப்பச் சொன்னது?"

"நீங்கதான் டீச்சர். ஒருத்தர் மேல குத்தம் சொன்னா அவரு பதில் சொல்ல எடம் குடுக்கணும்னு சொன்னீங்கள்ல?"

"அது பாடம் லா!"

தான் சொன்னது தன் காதிலேயே விழுந்தது. அது இன்னும் எரிச்சலூட்டியது. இனி அந்த ஆள் எங்கே வரப்போகிறார்?

வந்தார். வெள்ளைச் சட்டை, பையில் பேனா, கக்கத்தில் சிவப்புத் துணி அட்டை போட்ட நீளப் புத்தகம். மாலையைக் கையால் தள்ளினார்.

"மாலை போட்டு வெட்டுறது ஆட்டைத்தாம்மா. எனக்கு வேணாம்."

படங்களைப் பார்த்துக்கொண்டே நடந்தார்.

"மங்கு கெடந்தா கல்லறையா? ரப்பர் தோட்டத்துல மங்கு கெடக்காம மீனா கெடக்கும்?"

பெற்றோர் சிலர் சிரித்தே விட்டார்கள்.

"இவங்க ஏன் இந்தக் குதி குதிக்கிறாங்கன்னு கேட்டீங்களா புள்ளைங்களா? பத்துமலை மக. தம்பிய அங்க பொதைச்சோம்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்ச குடும்பம். ஒங்ககிட்ட சொன்னாங்களா?"

பத்து முகங்கள் கலாதேவி பக்கம் திரும்பின.

"சொல்லல. சொல்லியிருக்கணும்," என்றார் கலாதேவி.

சதாசிவத்துக்கு அது போதவில்லை. புத்தகத்தை மேசை மேல் விரித்தார்.

"எழுபத்திரண்டுல இருந்து அந்தத் தோட்டத்துச் சாவெல்லாம் இதுல இருக்கு. பாருங்க, எண்பத்தொம்பது நவம்பர். விக்னேஸ்வரன்னு பேரு இருக்கா? சொல்லாம பொதைச்சவன் புள்ளய நான் எழுதுறதில்ல. என் புத்தகத்துல இல்லன்னா, இல்ல."

தினேஸ்வரி குனிந்து பார்த்தாள். நவம்பரை விட்டு முதல் பக்கத்துக்குத் திருப்பினாள்.

"தாத்தா, இவங்களையெல்லாம் எங்க பொதைச்சது?"

"வேற எங்க? நம்ம பொதைகாட்டுலதான். தேதி, பேரு, எடம், எல்லாம் போட்டிருக்கேன் பாரு. ஒரு அடித்தல் கெடையாது."

"படிக்கலாமா?"

"படி, நல்லாச் சத்தமா படி."

"ஒன்னு. அஞ்சலை, ஏழு மாசம்," என்று தொடங்கினாள் தினேஸ்வரி. ஏழாவது பெயரில் முன் வரிசையில் யாரோ அழுதார்கள். பதினொன்று தாண்டியது. பன்னிரண்டாவது பெயரில் சதாசிவத்தின் கை புத்தகத்தை நோக்கி நீண்டது. கலாதேவி தன் உள்ளங்கையை அதன் மேல் வைத்து அழுத்தினார்.

"இருங்கய்யா. பெரட்டு இன்னும் முடியல."

சதாசிவம் உட்கார்ந்தார். மிச்சப் பெயர்கள் அத்தனையையும் உட்கார்ந்தே கேட்டார். பிள்ளைகள் பக்கம் பக்கமாகப் படம் பிடித்தார்கள். கலாதேவி புத்தகத்தையோ பிள்ளைகளையோ பார்க்கவில்லை. சதாசிவத்தின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். முப்பத்து மூன்று ஆண்டுகளுக்கும் மேலாக விரும்பியது அதுதான். அது இனித்தது. வெட்கம் பிறகுதான் வந்தது, அதுவும் கொஞ்சம்தான்: பிள்ளைகள் அந்தத் தபாலை அனுப்பாமல் இருந்திருந்தால் அந்தப் புத்தகம் அலமாரியை விட்டு வந்திருக்காது.

வாசலில் சதாசிவம் குரலைத் தாழ்த்தினார்.

"அம்மா, நில ஆபீசுக்குப் போற அறிக்கையில என் பேர மட்டும் எடுத்துரு. கோயில் கமிட்டியில இருக்கேன்."

"ஒங்க பேரு மொத வரியில இருக்கும்."

அருகில் நின்ற தினேஸ்வரி விடவில்லை. "நீங்க யாரோட அக்காங்கறதும் இருக்கணும், டீச்சர்."

"எழுது," என்றார் கலாதேவி.

அறிக்கை மாவட்ட நில அலுவலகத்தில் ஒப்படைக்கப்பட்ட நாள்: 16 ஜூலை 2024. நிலம் சமப்படுத்தும் வேலை நிறுத்திவைக்கப்பட்ட நாள்: 29 ஜூலை 2024. சதாசிவத்தின் கடிதத்தின்படி கல்லறைகள்: 11. அவருடைய புத்தகத்தின்படி: 58. புத்தகத்தில் இல்லாதது, அக்காவின் வாக்குமூலத்தின்படி: 1. மொத்தம்: 59.